ஹேண்ட்லருக்குள் தூங்கினால் எஸ்எஸ்ஹெச்டி ஏன் மாட்டிக்கொள்கிறது?

கேள்வி நீளமாக இருந்தாலும் விஷயம் இதுதான். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கடைசி வருஷ புராஜெக்ட், ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன லினக்ஸ் போர்டுக்கு ஒரு கெர்னல் மாட்யூல், அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே ஏற்றும் கோடு, எழுதியிருக்கிறீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றை அளக்க ஒரு ஜிபிஐஓ பின்னில் (வெளிச் சிக்னலை வாங்கும் கால்) கிண்ணக் காற்றுமானி, இன்னொரு பின்னில் மழைமானி. ஒவ்வொரு பல்ஸ் வரும்போதும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளேயே (சிக்னல் வந்ததும் ஓடுவதை நிறுத்திவிட்டுக் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்) ஐ2சி என்ற இரண்டு ஒயர் இணைப்பு வழியாக டிஎஸ்3231 கடிகாரச் சிப்பைப் படித்து நேரத்தைக் குறிக்கிறீர்கள். லாகில் 'பக்: ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்று, அதாவது தூங்கக் கூடாத இடத்தில் தூங்கப் பார்த்ததாகப் புகார் வருகிறது, சில நேரம் போர்டு தாக்குப்பிடிக்கிறது, சில நேரம் அப்படியே தொங்கிவிடுகிறது. அந்த வரியில் ஒரு தடவை 'ஸ்வாப்பர்' என்ற பெயர், இன்னொரு தடவை 'எஸ்எஸ்ஹெச்டி' (வெளியிலிருந்து லாகின் செய்யவிடும் புரோகிராம்), உங்கள் மாட்யூலின் பெயரையே காணோம். கூடவே காற்று பலமாக அடிக்கும் மதியங்களில் எண்ணிக்கை மூன்று மடங்காக வருகிறது. 'ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று மடங்கு விவகாரம் மட்டும் வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காற்றாலைப் பக்கம் காற்று அளக்கும் கம்பங்களின் அடியில் பூட்டிவைத்திருக்கும் டேட்டா லாகர் பெட்டிகளுக்கு டிரைவர் எழுதுவதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. அதனால் நான் சொல்வதெல்லாம் ஆர்ம் போர்டு, லினக்ஸ் பக்கத்துப் பேச்சு. பெரிய சர்வர்களில் நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள் சில இடங்களில் வேறு மாதிரி சொல்லலாம், அடிப்படை மாறாது. உங்கள் முழு சோர்ஸ் கோடையும் நான் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட ஹேண்ட்லரையும் நாலு லாக் வரியையும் வைத்துத்தான் பேசுகிறேன். எது நிச்சயம், எது ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பல்ஸ் வந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பின்னில் வோல்டேஜ் மாறியதும் ஜிபிஐஓ பகுதி தன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் அந்தப் பின்னுக்கான பிட்டை 1 ஆக்கிவிட்டுத் தன் இன்டரப்ட் லைனை எழுப்புகிறது. பை 4-இல் அந்த லைன் ஜிஐசி என்ற இன்டரப்ட் கன்ட்ரோலருக்குப் போகிறது, ஜிஐசி அதை சிபியுவின் நாலு கோர்களில் ஏதாவது ஒரு கோருக்கு அனுப்புகிறது. அந்தக் கோர், எந்த முகவரியில் நின்றோம் என்பதை இஎல்ஆர் ரெஜிஸ்டரிலும் அப்போதைய நிலையை எஸ்பிஎஸ்ஆர் ரெஜிஸ்டரிலும் குறித்துவைத்துவிட்டு, மேற்கொண்டு இன்டரப்ட் வராதபடி காதைப் பொத்திக்கொண்டு, விபிஏஆர் ரெஜிஸ்டர் காட்டும் டேபிளுக்குத் தாவுகிறது. 64 பிட் ஆர்மில் அந்த டேபிளில் 16 இடங்கள், இடத்துக்கு 128 பைட். ஹார்டுவேர் செய்து கொடுப்பது அவ்வளவுதான். எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரையிலான 31 ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் எடுத்துவைப்பது கெர்னல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. அப்புறம் கெர்னல் ஜிஐசியிடம் 'யார் கூப்பிட்டது' என்று ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கிறது, ஒரு எண் வருகிறது (1023 என்று வந்தால் ஒருத்தரும் கூப்பிடவில்லை, திரும்பிப் போ என்று பொருள்). அந்த எண் ஜிபிஐஓ டிரைவரைக் காட்டுகிறது, அது தன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து எந்தப் பின் என்று கண்டுபிடித்து உங்கள் ஹேண்ட்லரை அழைக்கிறது. நீங்கள் திரும்பியதும் எடுத்துவைத்த ரெஜிஸ்டர்கள் பழைய இடத்துக்குப் போகின்றன, நடுவில் நிறுத்தப்பட்ட புரோகிராம் ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. இன்டெல் பக்கம் போனால் பெயர்கள் மாறும், 256 இடமுள்ள ஐடிடி டேபிள், அதில் முதல் 32 சிபியுவின் சொந்த எக்ஸெப்ஷன்களுக்கு, ஜிஐசிக்குப் பதில் ஏபிக் என்று. கதை அதேதான்.

இந்தக் கதை முழுக்க, எந்த டாஸ்க் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? யாரையும் நிறுத்தி யாரையும் ஓட்டு என்று அது சொல்லவே இல்லை. அந்தக் கோரில் அந்த நேரம் பார்த்து எஸ்எஸ்ஹெச்டி ஓடிக்கொண்டிருந்தால், கெர்னலின் கணக்குப் புத்தகத்தில் இப்போதும் ஓடுவது எஸ்எஸ்ஹெச்டிதான். உங்கள் ஹேண்ட்லருக்குத் தனியாக ஒரு டாஸ்க் கிடையாது, பெயர் கிடையாது, எண் கிடையாது, அது ஓடும் நேரம்கூட அடுத்தவனுடையது. லாகில் உங்கள் மாட்யூல் பெயர் வராமல் எஸ்எஸ்ஹெச்டி பெயர் வந்ததற்குக் காரணம் இதுதான், அது வெறுமனே அந்த இடத்தில் மாட்டிக்கொண்ட அப்பாவி. ஸ்வாப்பர் என்பது அந்தக் கோரின் ஐடில் டாஸ்க், அதாவது கோருக்கு வேறு வேலை இல்லாத நேரத்தில் இன்டரப்ட் வந்திருக்கிறது. உங்கள் போர்டு பெரும்பாலும் சும்மா இருப்பதால் ஸ்வாப்பர் பெயர்தான் அதிகம் வந்திருக்கும்.

இனி தூக்கத்துக்கு வருவோம். கெர்னலில் தூங்குவது என்றால், இப்போது ஓடுகிற டாஸ்க்கை வரிசையிலிருந்து எடுத்துவிடு, இன்ன காரியம் நடந்தால் எழுப்பு, அதுவரை வேறு ஒருத்தரை ஓட்டு என்று ஷெட்யூலரிடம் சொல்வது. ஹேண்ட்லருக்குள் இருந்து அப்படிச் சொன்னால் ஷெட்யூலர் யாரை எடுக்கும்? கணக்கில் இருக்கிற எஸ்எஸ்ஹெச்டியை. கடிகாரச் சிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு ப்ராசஸ், அது கேட்காத ஒரு காரியத்துக்காகத் தூங்கப் போகிறது. அது அப்போது ஏதாவது லாக்கை (பொது விவரத்தை ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும் தொடவிடும் பூட்டு) கையில் வைத்திருந்தால் அந்த லாக்குக்காக நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து நிற்பார்கள். ஸ்வாப்பராக இருந்தால் இன்னும் மோசம், ஓட்ட ஒருத்தருமே இல்லாதபோது ஷெட்யூலர் கை வைப்பது அதன் மேல்தான், அதையே தூங்கவைத்தால் எங்கே போகும்? இன்னொன்றும் இருக்கிறது. 64 பிட் ஆர்மில் ஹேண்ட்லர்கள் ஓடுவது கோருக்கு ஒன்றாக இருக்கும் தனி இன்டரப்ட் ஸ்டாக்கில், வழக்கமாக 16 கேபி. பாதி வேலையில் நீங்கள் தூங்கிப்போய், அந்தக் கோரில் வேறு ஒருத்தர் ஓடத் தொடங்கி, அடுத்த இன்டரப்ட் வந்தால் அது அதே ஸ்டாக்கின் உச்சியிலிருந்து எழுத ஆரம்பிக்கும். நீங்கள் பாதியில் விட்டுப்போன விவரங்கள் அதன் அடியில் அழிந்துவிடும். இப்படி அழியும் என்பது நிச்சயம். உங்கள் போர்டு தொங்கியது இதனால்தானா, ஸ்வாப்பரைத் தூங்கவைத்ததாலா என்பது ஊகம்தான், நாலு வரி லாகை வைத்துச் சொல்ல முடியாது. சில நேரம் தப்பித்ததற்கு விளக்கம் தேட வேண்டாம், அது அதிர்ஷ்டம்.

'பக்' என்று வந்த அந்த லாக் வரியில் கடைசியில் ஒரு ஹெக்ஸ் எண் இருக்கிறது, பாருங்கள். அதில் வலமிருந்து ஐந்தாவது இலக்கம் 1 என்று இருக்கும். அந்த எண்ணில்தான் கெர்னல் 'இப்போது எந்த நிலையில் இருக்கிறோம்' என்ற கணக்கை வைத்திருக்கிறது. கடைசி இரண்டு ஹெக்ஸ் இலக்கங்கள் ப்ரீஎம்ப்ஷன் தடைக்கு (ஓடும் டாஸ்க்கை நடுவில் மாற்றாதே என்பது), அடுத்த இரண்டு சாஃப்ட்ஐஆர்க்யூவுக்கு (ஹேண்ட்லர் தள்ளிப்போட்ட வேலையைக் கெர்னல் ஓட்டும் இடம்), ஐந்தாவது ஹார்டுவேர் இன்டரப்ட்டுக்கு. ஐந்தில் 1 என்றால் ஹேண்ட்லருக்குள் நின்று தூங்கப் பார்த்திருக்கிறீர்கள் என்று கெர்னலே கையும் களவுமாகப் பிடித்துச் சொல்கிறது. அதுவே சுழியாக இருந்து கடைசி இலக்கங்கள் மட்டும் சுழியில்லாமல் இருந்தால், ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் வகை லாக்) பிடித்துக்கொண்டு தூங்கியிருக்க வாய்ப்பு. இதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி நேரம் மிச்சம். கெர்னலை நீங்களே கட்டுவதாக இருந்தால் அட்டாமிக் ஸ்லீப் டீபக், லாக்டெப் என்ற சோதனை வசதிகள் இரண்டையும் போட்டுக் கட்டுங்கள், தூங்கக்கூடிய ஃபங்ஷனைத் தொட்ட உடனேயே, உண்மையில் தூங்குவதற்கு முன்பே, கத்திவிடும்.

சரி, தூங்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே காத்திருந்தால் ஆகாதா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லாரும் கேட்பதுதான். ஐ2சி 100 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஒரு பைட் போக, 'கிடைத்தது' என்று சொல்லும் ஏசிகே பிட்டோடு 9 துடிப்பு, அதாவது 90 மைக்ரோ செகண்ட். டிஎஸ்3231-இல் நேரத்தைப் படிக்க முகவரி, ரெஜிஸ்டர் எண், மறுபடி முகவரி, அப்புறம் 7 பைட் நேரம், மொத்தம் 10 பைட், சுமார் 900 மைக்ரோ செகண்ட். 1.5 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 13 லட்சம் துடிப்புக்கு மேல். அத்தனை நேரமும் அந்தக் கோர் காதைப் பொத்திக்கொண்டிருக்கும், நெட்வொர்க், டைமர், யுஎஸ்பி ஒன்றும் உள்ளே வர முடியாது. அதைவிட வேடிக்கை, ஐ2சி டிரைவர் 'படித்து முடித்தாயிற்று' என்று தெரிந்துகொள்வதும் ஒரு இன்டரப்ட் மூலமாகத்தான். நீங்கள் வேறு எதுவும் மாற்றாதவரை பையில் பெரும்பாலான இன்டரப்ட்கள் முதல் கோருக்கே வரும், ஜிபிஐஓவும் அங்கே, ஐ2சியும் அங்கே. ஆக, வர வேண்டிய ஆளுக்காக வாசலில் காத்திருந்துகொண்டு அந்த வாசலையே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கணக்கு.

இத்தனைக்கும் அந்தச் சிப்பை அங்கே படிக்கவே தேவையில்லை. டிஎஸ்3231 உங்களுக்குக் கொடுக்கும் நேரம் வினாடிக் கணக்கில்தான், அதற்குக் கீழே இல்லை. காற்று வேகத்துக்கு இரண்டு பல்ஸுக்கு நடுவில் எத்தனை மில்லி செகண்ட் என்பதுதானே வேண்டும், அதற்கு வினாடி கடிகாரம் எதற்கு? கெர்னலின் கேடைம்_கெட் ஃபங்ஷனை ஹேண்ட்லருக்குள் தாராளமாக அழைக்கலாம், தூங்காது, சிபியுவின் சொந்தக் கவுன்டரைப் படித்து நானோ செகண்டில் சொல்லும். ஆர்டிசி, அதாவது கடிகாரச் சிப்பின் வேலை கரண்ட் போய் வந்தால் தேதியை ஞாபகம் வைத்திருப்பது, பூட் ஆகும்போது ஒரு தடவை படித்தால் போதும். இந்த ஒரு மாற்றத்தோடு உங்கள் அசல் பிரச்சினை தீர்ந்துவிடும், அடுத்த இரண்டு பத்திகள் உங்கள் அடுத்த டிரைவருக்கு.

உண்மையிலேயே ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் ஐ2சியில் எதையாவது படித்தே ஆக வேண்டிய சென்சார்கள் உண்டு, டச் ஸ்கிரீன் சிப்கள் பலவும் அப்படித்தான். அங்கே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். குளச்சலில் வள்ளம் கரை அணைந்தால் மீனை இறக்கி ஐஸ் போடுவது ஒரு வேலை, ஏலம் வேறு வேலை, ஏலம் முடியும்வரை வள்ளத்தை அதே இடத்தில் போட்டுவைத்தால் பின்னால் வருகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். அதே மாதிரி நேரத்தைக் குறிப்பது, எண்ணைக் கூட்டுவது, டிவைஸை அமைதிப்படுத்துவது ஆகியவை ஹேண்ட்லரில். மற்றதெல்லாம் பின்னால், தூங்க உரிமை உள்ள ஒருத்தர் பொறுப்பில். லினக்ஸில் அதற்குப் பல வழிகள் இருக்கின்றன, புதிதாக எழுதுகிறவருக்கு நான் சொல்வது ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ என்ற ஃபங்ஷன். 2009-இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து இருக்கிறது. இரண்டு ஃபங்ஷன் கொடுக்கிறீர்கள், முதலாவது வழக்கமான ஹேண்ட்லர், இரண்டாவது ஒரு தனி கெர்னல் த்ரெட்டில் ஓடும். அந்த த்ரெட் ஃபைஃபோ வகையில் 50 என்ற ரியல்டைம் முன்னுரிமையோடு பிறக்கும், பிஎஸ் கட்டளையில் 'ஐஆர்க்யூ' என்று தொடங்கும் பெயரோடு அதைப் பார்க்கலாம். அதற்குச் சொந்த டாஸ்க் இருக்கிறது, சொந்த ஸ்டாக் இருக்கிறது, அதனால் தூங்கலாம், மியூட்டெக்ஸ் (தூங்கிக் காத்திருக்கும் வகை லாக்) பிடிக்கலாம், ஐ2சி படிக்கலாம். அடுத்தவன் கணக்கில் ஓடிய வேலையை அதன் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு பொறி உண்டு. முதல் ஃபங்ஷனைக் கொடுக்காமல் 'நல்' (வெறுமை) என்று விட்டுவிட்டால் கெர்னல் ஒன்ஷாட் என்ற ஃபிளாகைக் கட்டாயம் கேட்கும், இல்லையென்றால் பதிவு செய்யவே விடாது. லெவல் வகை இன்டரப்ட்டில் ஒன்ஷாட் என்றால் த்ரெட் முடியும்வரை அந்த லைன் அடைத்தே இருக்கும். டச் ஸ்கிரீனுக்கு அது நல்லது. ஆனால் பல்ஸ் எண்ணுகிறவருக்கு, த்ரெட் முடிவதற்குள் பல பல்ஸ் வந்தால் அவை ஒன்றாகக் கலந்துபோகும். ஆகவே எண்ணுவதை மட்டும் எப்போதும் முதல் ஃபங்ஷனில் வையுங்கள். சாஃப்ட்ஐஆர்க்யூ, டாஸ்க்லெட் என்றெல்லாம் பழைய பாடங்களில் வரும். சாஃப்ட்ஐஆர்க்யூ மொத்தமே பத்து வகைதான், நெட்வொர்க், பிளாக், டைமர் மாதிரி பெரிய இடங்களுக்கு, உங்களுக்கும் எனக்கும் அங்கே வேலையில்லை. டாஸ்க்லெட்டும் சாஃப்ட்ஐஆர்க்யூ மேல் ஓடுவதால் அதிலும் தூங்க முடியாது. புதுக் கோடில் அதைத் தொடாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கோடில் கண்ணில் பட்டது ஒன்று. எண்ணிக்கையையும் கடைசி பல்ஸின் நேரத்தையும் ஒரு ஸ்பின்லாக் போட்டுக் காக்கிறீர்கள், நல்லது, இரண்டும் ஜோடியாகப் பொருந்த வேண்டியவை. ஆனால் எண்ணிக்கையைப் படித்துக் கொடுக்கும் ரீட் ஃபங்ஷனில் வெறும் ஸ்பின்_லாக் பிடிக்கிறீர்கள். ரீட் ஓடும் அதே கோரில், லாக் கையில் இருக்கும்போது பல்ஸ் வந்தால் என்ன ஆகும்? ஹேண்ட்லர் அதே லாக்குக்காகச் சுற்றும். லாக்கை விட வேண்டியவர் ரீட், ஹேண்ட்லர் முடிந்தால்தான் ரீட் ஓடும், ரீட் விட்டால்தான் ஹேண்ட்லர் முடியும். அந்தக் கோர் அதோடு போயிற்று. நாலு கோர் இருப்பதால் ரீட் வேறு கோரில் ஓடும்போதெல்லாம் ஒன்றும் ஆகாது, ஹேண்ட்லர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு லாக்கை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இந்த வகைப் பிழை மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது தெரியாமல், பெட்டியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்த பிறகு தெரியும். ரீட் பக்கம் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் போடுங்கள், லாக் கையில் இருக்கும்வரை அந்தக் கோருக்கு இன்டரப்ட் வராது. 'சேவ்' எதற்கு, நேராக அடைத்துத் திறந்தால் போதாதா என்றால், உங்களை அழைத்தவர் ஏற்கெனவே இன்டரப்ட்டை அடைத்துவைத்திருக்கலாம், நீங்கள் பாட்டுக்குத் திறந்துவிட்டால் அவர் கதி அதோகதி. இருந்த நிலையைக் குறித்துவைத்து அதே நிலைக்குத் திருப்ப வேண்டும்.

ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்கே (லாகில் வரி எழுதும் ஃபங்ஷன்) போட்டிருக்கிறீர்களே, அதையும் எடுத்துவிடுங்கள். சீரியல் கன்சோல் 115200 பாடில் இருந்தால் எழுத்துக்கு 10 பிட், 80 எழுத்து வரி போக கிட்டத்தட்ட 7 மில்லி செகண்ட். ஐ2சியை விட மோசம்.

லெவல், எட்ஜ் என்ற இரண்டு வகை இன்டரப்ட்களின் வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எண்ணிக்கைப் பிரச்சினைக்கு அது வேண்டும். லெவல் என்றால் டிவைஸ் தன் குறை தீரும்வரை லைனைப் பிடித்துக்கொண்டே நிற்கும், ஹேண்ட்லர் அதைச் சமாதானப்படுத்தாமல் திரும்பினால் அடுத்த கணமே மறுபடி இன்டரப்ட், இப்படியே கோர் முழுவதையும் விழுங்கிவிடும். ஹேண்ட்லர்கள் 'என்னுடையது இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் லினக்ஸ் ஒரு அளவுக்குத்தான் பொறுக்கும். 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போனால் 'நோபடி கேர்ட்' என்று எழுதிவிட்டு அந்த லைனையே மூடிவிடும். எட்ஜ் என்றால் வோல்டேஜ் மாறிய அந்தக் கணம் மட்டும்தான் கணக்கு, ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒரே ஒரு பிட்தான் நினைவு. அந்தப் பிட்டைத் துடைப்பதற்குள் மூன்று எட்ஜ் வந்தாலும் பிட் 1 தான், மூன்று ஆகாது.

மூன்று மடங்குக்கு வருவோம். இங்கே நான் சொல்வது ஊகம், ஒயரிங்கைப் பார்க்காமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சரியாக இரண்டு மடங்கு என்றால் ஏறுவதும் இறங்குவதும் இரண்டையும் எண்ணுகிறீர்கள் என்று ஃபிளாகைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். மூன்று மடங்கு, அதுவும் காற்றடிக்கும்போது மட்டும் என்றால் எனக்கு இரண்டு சந்தேகம். காற்றுமானிக்குள் இருக்கும் ரீட் ஸ்விட்ச் (காந்தம் நெருங்கினால் மூடும் ஸ்விட்ச்) மூடும்போது துள்ளும், ஒரு மூடலுக்கு ஒரு மில்லி செகண்டுக்குள் பல எட்ஜ் வரலாம், கம்பம் ஆடும்போது அது கூடும். இல்லையென்றால் நீளக் கேபிள் ஏரியல் மாதிரி வேலை செய்கிறது, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் முழு வேகத்தில் ஓடும் நேரத்தில் சுற்றிலும் மின் இரைச்சலுக்குக் குறைவே இல்லை. பையின் உள் புல்-அப் (பின்னை மேல் வோல்டேஜில் பிடித்துவைக்கும் மின்தடை) சுமார் 50 கிலோ ஓம், பத்து மீட்டர் கேபிளுக்கு அது பலவீனம். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. காற்றடிக்கும் மதியத்தில் கிண்ணங்களைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, இன்டரப்ட் எண்ணிக்கைகளைக் காட்டும் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் உங்கள் வரியைப் பாருங்கள். கிண்ணம் நிற்கும்போதும் எண் ஏறினால் கேபிள்தான் குற்றவாளி, 4.7 கிலோ ஓம் புல்-அப்பும் ஒரு சின்ன கெபாசிட்டரும் ஷீல்டு கேபிளும் போடுங்கள். ஏறவில்லை, ஆனால் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றினால் ஒன்றுக்குப் பதில் மூன்று ஏறுகிறது என்றால் ரீட் ஸ்விட்ச் துள்ளல். ஹேண்ட்லரிலேயே முந்தைய பல்ஸிலிருந்து 4 மில்லி செகண்ட் ஆகவில்லையென்றால் எண்ணாமல் திரும்புங்கள். பலமான காற்றிலும் உண்மையான பல்ஸ்கள் வினாடிக்குச் சில பத்துதான், 50 என்றாலும் இடைவெளி 20 மில்லி செகண்ட், அதனால் உண்மையானது எதுவும் விட்டுப்போகாது.

ஒரு எச்சரிக்கை. இப்போதைய ஹேண்ட்லர் ஐ2சியில் கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் மாட்டிக்கொண்டிருப்பதால், அந்த நேரத்தில் துள்ளிய எட்ஜெல்லாம் அந்த ஒற்றை பிட்டுக்குள் அமுங்கிப் போயிருக்கும். ஐ2சியை எடுத்ததும் ஹேண்ட்லர் வேகமாகிவிடும், ஒவ்வொரு துள்ளலையும் பிடிக்க ஆரம்பிக்கும். எண்ணிக்கை மூன்று மடங்கிலிருந்து ஐந்தாக ஏறினால் திருத்தம் தப்பு என்று நினைத்து பழைய கோடுக்குத் திரும்பிவிடாதீர்கள், ஒரு பிழை இன்னொரு பிழையை மூடிக்கொண்டிருந்தது.

'இன்டரப்ட்தான் எப்போதும் பெஸ்ட், போலிங் பழைய காலத்து வேலை' என்று உங்கள் கைடு சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போலிங் என்றால் இன்டரப்ட்டுக்குக் காத்திராமல் நாமே அவ்வப்போது போய்ப் பார்ப்பது. அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டில் 64 பைட் பாக்கெட்டாக வந்தால் வினாடிக்கு 1.48 கோடி, பாக்கெட்டுக்கு 67 நானோ செகண்ட். ஒவ்வொன்றுக்கும் இன்டரப்ட் என்றால் சிபியு இன்டரப்ட்டுக்குள் போவதும் வருவதுமாகவே இருக்கும், வந்த பாக்கெட்டை யாரும் தொடமாட்டார்கள். 1996-லேயே மொகுல், ராமகிருஷ்ணன் இருவரும் இதை எழுதிவைத்துவிட்டார்கள், ரிசீவ் லைவ்லாக் என்று பெயர். லினக்ஸ் நெட்வொர்க் பகுதியில் நேப்பி என்ற முறை செய்வது அதற்கான மருந்து. முதல் பாக்கெட்டுக்கு மட்டும் இன்டரப்ட், உடனே அதை அடைத்துவிட்டு ஒரு சுற்றுக்கு 64 வரை போலிங்கில் அள்ளுவது, தீர்ந்த பிறகு மறுபடி இன்டரப்ட்டைத் திறப்பது. எதிர்முனையில் உங்கள் மழைமானியைப் பாருங்கள். ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால், மணிக்கு 60 மில்லிமீட்டர் கொட்டும் பேச்சிப்பாறை மழையிலும் மணிக்கு 300 சாய்வு, 12 வினாடிக்கு ஒன்று. ஸ்விட்ச் மூடியிருக்கும் நேரத்தைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரு டைமர் வைத்துப் பார்த்தாலே போதும், துள்ளலும் தானாக வடிகட்டப்படும். காற்றுமானிக்கு இன்டரப்ட் சரி.

இன்னொன்று, இதற்குக் கெர்னல் மாட்யூலே தேவையா? 2016-இல் வந்த 4.8 கெர்னலிலிருந்து ஜிபிஐஓவுக்குக் கேரக்டர் டிவைஸ் (புரோகிராம்கள் கோப்பு மாதிரித் திறக்கும் வழி) இருக்கிறது, லிப்ஜிபிஐஓடி என்ற லைப்ரரி வழியாக சாதாரண புரோகிராமிலிருந்தே எட்ஜ்களை வாங்கலாம், 5.10-லிருந்து துள்ளல் வடிகட்டவும் சொல்லலாம். நேரத்தைக் கெர்னலே குறித்துத் தரும். அந்தக் கெர்னல் கோடைத் திறந்து பாருங்கள், ஹேண்ட்லரில் நேரத்தை மட்டும் குறித்துவிட்டு மற்றதை த்ரெட்டுக்குத் தள்ளுகிறது, மேலே நான் சொன்ன அதே பிரிவினை. வயலில் ஓட வேண்டிய பெட்டி என்றால் நான் அந்த வழியில்தான் போவேன், புரோகிராம் விழுந்தாலும் போர்டு விழாது. கைடுக்கு மாட்யூல்தான் வேண்டும், வைவாவில் கேட்பார்கள் என்றால் சரி, மாட்யூலே எழுதுங்கள். அதற்கு முன் எம்ஐடியின் எக்ஸ்வி6 என்ற பாடக் கெர்னலின் ரிஸ்க்-5 பதிப்பில் ட்ராப், பிளிக் என்ற இரண்டு கோப்புகளையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள், பிளிக் சுமார் ஐம்பது வரிதான். லினக்ஸில் பத்து அடுக்குக்குள் ஒளிந்திருப்பது அங்கே கண்ணுக்கு நேராக இருக்கும்.

2024 கடைசியில் வந்த 6.12-லிருந்து ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்ற ரியல்டைம் வசதி அதிகாரபூர்வமாகவே லினக்ஸுக்குள் சேர்ந்துவிட்டது. அதைப் போட்டுக் கட்டினால் பெரும்பாலான ஹேண்ட்லர்களைக் கெர்னலே த்ரெட்டாக மாற்றிவிடும், உங்கள் பழைய கோடு அங்கே தற்செயலாக ஓடவும் செய்யலாம். அதை நம்பி எழுதாதீர்கள், மற்ற கெர்னலில் அதே கோடு மறுபடி தொங்கும்.

கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தி ஒரு நிமிஷ இடைவெளியில் எடுத்த /ப்ராக்/இன்டரப்ட்ஸ் வரிகள் இரண்டையும், கேபிள் எத்தனை மீட்டர் என்பதையும், முழு லாகையும் போடுங்கள் தம்பி. கேபிளா ஸ்விட்சா என்று அப்புறம் சொல்கிறேன்.